வளவுக்குள் கேமரா: சென்சார் அளவைப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு நகரத்தார் வீட்டுக்குள் கேமராவோடு நுழைந்தால் முதல் சிக்கல் வெளிச்சம்தான். முகப்பில் எடுத்த படம் பளிச்சென்று வரும். வளவுக்குள், அதாவது நடுவாசலைச் சுற்றிய உள்கட்டுக்குள், போனதும் நடுவாசல் வெயிலில் தகதகக்கும், சுற்றியுள்ள தாழ்வாரமும் அறைகளும் இருட்டிக் கிடக்கும். அங்கே எடுக்கும் படம் புள்ளி புள்ளியாக வரும், இல்லையென்றால் கை ஆடிக் கலங்கிப்போகும். "சென்சார் சின்னது, அதனால்தான். பெரிய கேமராவா வாங்குங்க" என்று யாராவது சொல்வார்கள். அது பாதி உண்மை. எந்தப் பாதி என்று தெரியாமல் பெரிய தொகையைச் செலவழித்துவிட்டு, அதே கலங்கிய படத்தை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

புதிதாகக் கேமரா வாங்கப் போகிறவர்களுக்கும், கையில் இருப்பதை வைத்துச் செட்டிநாட்டு வீடுகளையும் விசேஷங்களையும் எடுக்க நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கொஞ்சம் கணக்கு வரும். பெருக்கலும் வகுத்தலும் போதும்.

படி 1: உங்கள் சென்சாரின் அளவைத் தேடி எழுதிவையுங்கள்

லென்ஸுக்குப் பின்னால், முன்பு ஃபிலிம் இருந்த இடத்தில் இப்போது இருக்கும் செவ்வகச் சில்லுதான் சென்சார். லென்ஸ் வழியே வரும் வெளிச்சம் அதன்மேல் விழுந்து மின்சாரமாக மாறி, அப்புறம் படமாகிறது. கேமரா பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது மெகாபிக்சல், அதாவது படத்தில் எத்தனை பத்து லட்சம் புள்ளிகள் (பிக்சல்கள்) என்ற கணக்கு. சென்சார் அளவைப் பார்க்கக் கையேட்டின் கடைசிப் பக்கங்களுக்குப் போக வேண்டும். அங்குள்ள விவரப் பட்டியலில் அகலமும் உயரமும் மில்லிமீட்டரில் இருக்கும்.

இன்று கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை நாலைந்து அளவுகளுக்குள் அடங்கிவிடும்.

ஃபுல் ஃபிரேம் என்றால் 36 × 24 மி.மீ. இது சினிமா ஃபிலிமிலிருந்து வந்த அளவு. ஜெர்மனியில் ஆஸ்கர் பர்னாக் என்பவர் 35 மி.மீ. சினிமா ஃபிலிமைப் படுக்கைவாட்டில் ஓடவிட்டு ஒரு சின்னக் கேமராவை உருவாக்கினார். 1925-இல் அது லைக்கா என்ற பெயரில் வெளிவந்தது. அன்று அவர் வைத்த சட்டத்தின் அளவுதான் இன்றைக்கும் மற்ற எல்லா அளவுகளுக்கும் அளவுகோல். 1940-களில் காரைக்குடியில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் ஸ்டுடியோ நடத்தினாரே, அந்தக் காலத்து சினிமாப் படங்கள் ஓடியதும் அதே 35 மி.மீ. ஃபிலிமில்தான்.

அடுத்தது ஏபிஎஸ்-சி. சோனி, நிக்கான், ஃபியூஜிஃபிலிம் கேமராக்களில் ஏறத்தாழ 23.5 × 15.6 மி.மீ.; கேனானில் சற்றுச் சிறியது, ஏறத்தாழ 22.3 × 14.9 மி.மீ. முதல் கேமரா வாங்குகிறவர்களில் பலர் வாங்குவது இந்த வகையைத்தான். அதற்கும் கீழே மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ், 17.3 × 13 மி.மீ. ஒலிம்பஸும் பானாசோனிக்கும் சேர்ந்து 2008-இல் கொண்டுவந்தது.

அதற்குப் பிறகு வருபவை அங்குலக் கணக்கில் சொல்லப்படும். இங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். "ஒரு அங்குல சென்சார்" என்று விற்பதன் உண்மையான அளவு 13.2 × 8.8 மி.மீ.தான். ஒரு அங்குலம் என்பது 25.4 மி.மீ. என்று நமக்குத் தெரியும். இதன் மூலைவிட்டத்தை அளந்தால்கூட 16 மி.மீ. தாண்டாது. பழைய டிவி கேமராக்களில் படம் பிடிக்க ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. அந்தக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்து அளவைச் சொல்வார்கள். படம் விழும் பகுதியின் மூலைவிட்டம் அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். குழாய் போய்விட்டது, கணக்கு மட்டும் தங்கிவிட்டது. ஆகவே 1/2.3 அங்குலம் என்று போட்ட சிறிய கேமராவின் சென்சார் சுமார் 6.2 × 4.6 மி.மீ., சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கும். நல்ல போன்களின் முதன்மைக் கேமராவில் வரும் 1/1.3 அங்குலம் சுமார் 9.8 × 7.3 மி.மீ.

போன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பெரிய சென்சார் இருப்பது பெரும்பாலும் அந்த முதன்மைக் கேமராவில் மட்டும்தான். வளவு முழுவதும் சட்டத்துக்குள் வரட்டும் என்று திரையில் 0.5 என்ற பொத்தானைத் தொட்டதும் போன் வேறு ஒரு கேமராவுக்கு மாறிவிடும். பல போன்களில் அதன் சென்சார் மிகவும் சிறியது. இருட்டான தாழ்வாரத்தில் அந்தப் படம் மட்டும் மங்கிக் குழைந்து வருவதற்குக் காரணம் இதுதான்.

படி 2: மெகாபிக்சலைத் தனியாகப் பிரித்து வையுங்கள்

24 மெகாபிக்சலில் ஃபுல் ஃபிரேம் கேமராவும் உண்டு, ஏபிஎஸ்-சியும் உண்டு. தெருவாசலை அடைத்துப் போட்ட பதினைந்து புள்ளிக் கோலத்தையும், சாமி அறை முன்னால் சின்னதாகப் போட்ட பதினைந்து புள்ளிக் கோலத்தையும் நினைத்துப் பாருங்கள். புள்ளிக் கணக்கு ஒன்று, புள்ளிக்கும் புள்ளிக்கும் உள்ள இடைவெளி வேறு. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 6 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதே எண்ணிக்கையை ஏபிஎஸ்-சியில் வைத்தால் சுமார் 4 மைக்ரான். 200 மெகாபிக்சல் என்று விளம்பரப்படுத்தும் போன்களில் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதனால்தான் அந்தப் போன்கள் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து, வழக்கமாக 12 மெகாபிக்சல் அளவில் படத்தைக் கொடுக்கின்றன.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைப் பெரிய சுவர்ப்படமாக அச்சிட வேண்டும் என்றால் மெகாபிக்சல் உதவும். இருட்டுக்கு அது பெரிதாக உதவாது.

படி 3: பரப்பளவைக் கணக்கிடுங்கள்

அகலத்தை உயரத்தால் பெருக்குங்கள். ஃபுல் ஃபிரேம் 864 சதுர மி.மீ. ஏபிஎஸ்-சி சுமார் 367. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 225. ஒரு அங்குலம் 116. 1/2.3 அங்குலம் 28-தான்.

அபெர்ச்சரும் (லென்ஸ் துளையின் அகலம்) ஷட்டர் வேகமும் (வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம்) ஒரே அளவில் வைத்து ஒரே காட்சியை எடுத்தால், சென்சாரின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் விழும் வெளிச்சம் ஒன்றேதான். பரப்பளவு அதிகமாக இருந்தால் மொத்தத்தில் சேரும் வெளிச்சம் அதிகம். மொத்த வெளிச்சம் குறையக் குறையப் படத்தில் புள்ளிப் புள்ளியாக நாய்ஸ் தெரியும். பெரிய சென்சாருக்குக் கிடைக்கும் நல்ல பெயரில் பெரும்பகுதி இந்த ஒரு காரணத்தால் வந்தது.

வெளிச்சம் இரண்டு மடங்காவதை ஒரு ஸ்டாப் என்பார்கள். பரப்பளவு இரண்டு மடங்கானால் ஒரு ஸ்டாப் லாபம். ஃபுல் ஃபிரேமுக்கும் ஏபிஎஸ்-சிக்கும் நடுவே ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு ஏறத்தாழ இரண்டு. ஒரு அங்குலத்துக்கு மூன்று. நடைமுறையில், ஒரே காலத்தில் வந்த கேமராக்களாக இருந்தால், ஃபுல் ஃபிரேமில் ஐஎஸ்ஓ (கிடைத்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற எண்) 6400-இல் வரும் நாய்ஸ் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 1600-லேயே வந்துவிடும். ஒரு அங்குல சென்சாரில் 800-லேயே வந்துவிடும். பழைய ஃபுல் ஃபிரேமையும் புதிய ஏபிஎஸ்-சியையும் ஒப்பிட்டால் இந்த இடைவெளி குறையும்.

படி 4: கிராப் ஃபேக்டரைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஃபுல் ஃபிரேமின் மூலைவிட்டம் 43.3 மி.மீ. அதை உங்கள் சென்சாரின் மூலைவிட்டத்தால் வகுத்தால் வருவது கிராப் ஃபேக்டர். சோனி, நிக்கான், ஃபியூஜி ஏபிஎஸ்-சிக்கு 1.5, கேனானுக்கு 1.6, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு 2, ஒரு அங்குலத்துக்கு 2.7.

லென்ஸில் எழுதியிருக்கும் மில்லிமீட்டரை இதனால் பெருக்கினால், ஃபுல் ஃபிரேமில் எந்த லென்ஸ் அதே அளவு காட்சியைக் காட்டும் என்று தெரியும். வளவின் ஒரு மூலையில் நின்று எதிர்ப்பக்கத் தூண் வரிசையை முழுதாக அடக்க ஃபுல் ஃபிரேமில் 24 மி.மீ. வேண்டியிருந்தால், ஏபிஎஸ்-சியில் 16 மி.மீ. வேண்டும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 12 மி.மீ. கேமராவோடு சேர்த்துத் தரும் லென்ஸ் எங்கிருந்து தொடங்குகிறது என்று வாங்கும்போதே பாருங்கள். 16-50 என்றால் நல்லது. 18-55 என்றால், அதுவும் கேனானில், 29 மி.மீ. போலத்தான் காட்டும்; முதுகு சுவரில் ஒட்டினாலும் தூண் வெட்டுப்படும். வீடுகளை எடுக்க வருகிறவர்களுக்கு இந்த 16-க்கும் 18-க்கும் உள்ள வித்தியாசம், சென்சார் வித்தியாசத்தைவிடப் பெரிது என்பது என் அழுத்தமான கருத்து.

கிராப் ஃபேக்டர் பெரியதாக இருந்தால் தூரத்துப் பொருள் பக்கத்தில் வந்துவிடும் என்று சொல்வார்கள். லென்ஸ் உண்டாக்கும் பிம்பம் பெரிதாவதில்லை. சின்ன சென்சார் அதன் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கிறது. ஆனாலும் அந்த வெட்டு பறவை எடுக்கிறவர்களுக்கு உண்மையிலேயே பயன்படும். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கத்து வேட்டங்குடிச் சரணாலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாரைகளும் கரண்டிவாயன்களும் கண்மாய்க்கு நடுவில் மரங்களில் கூடு கட்டியிருக்கும். அவை மிரண்டுவிடக் கூடாது என்று சுற்றுப்புற ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நாமும் தள்ளி நின்றுதான் எடுக்க வேண்டும். 300 மி.மீ. லென்ஸைப் போட்டால் ஏபிஎஸ்-சி 450 மி.மீ.க்கு உரிய காட்சியை முழு 24 மெகாபிக்சலில் தரும். அதே லென்ஸோடு 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் எடுத்து அதே அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது 11 மெகாபிக்சலுக்கும் குறைவு. பகல் வெளிச்சம் தாராளமாக இருப்பதால் சின்ன சென்சாரின் நாய்ஸ் அங்கே தொந்தரவு செய்யாது.

படி 5: உங்கள் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் இதைச் செய்யுங்கள். சாயங்காலம் விளக்கு போடுவதற்கு முன், வீட்டின் உள்ளறையில் ஒருவரை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுங்கள். கேமராவை மேனுவலில் வைத்து, ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடுங்கள். ஷட்டர் வேகம் 1/125, அபெர்ச்சர் உங்கள் லென்ஸ் அனுமதிக்கும் அதிகபட்ச அகலம். கேமரா என்ன ஐஎஸ்ஓ கேட்கிறது என்று பாருங்கள். 1600 கேட்டால் எந்த ஏபிஎஸ்-சி கேமராவும் நிம்மதியாகச் சமாளிக்கும். 12800 கேட்டால் சிக்கல். ஆனால் அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது லென்ஸைத்தான். கேமராவோடு வந்த லென்ஸ் ஜூம் செய்தால் எஃப் 5.6-க்குக் குறுகிவிடும் (எஃப் எண் கூடினால் துளை சிறிதாகும்). எஃப் 1.8 லென்ஸ் ஒன்றைப் போட்டால் மூன்று ஸ்டாப்புக்கு மேல் லாபம். ஏபிஎஸ்-சியிலிருந்து ஃபுல் ஃபிரேமுக்குப் போனால் கிடைப்பது ஒரு ஸ்டாப் சொச்சம்தான். செலவோ பல மடங்கு.

படத்தைப் பார்க்கும்போது 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். எந்த அளவில் அச்சிடுவீர்களோ, எந்தத் திரையில் காட்டுவீர்களோ அந்த அளவில் பாருங்கள்.

படி 6: தூண் வரிசை முழுதும் தெளிவாக வேண்டுமா, ஒரு முகம் மட்டுமா?

கடைக்காரர்கள் இதைப் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். ஒரே இடத்தில் நின்று ஒரே எஃப் எண்ணில் ஒரே காட்சியை எடுத்தால், பெரிய சென்சாரில் பின்னணி அதிகமாக மங்கும். ஃபுல் ஃபிரேமில் எஃப் 4 தரும் தெளிவின் ஆழத்தை (முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் தெளிவாக வரும் என்பதை) மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் எஃப் 2-இலேயே தந்துவிடும். கிராப் ஃபேக்டரால் எஃப் எண்ணையும் பெருக்கிப் பார்த்தால் இது புரிந்துவிடும்.

பர்மாத் தேக்குத் தூண்கள் வரிசையாகப் போகின்றன. முதல் தூணின் செதுக்கலும் கடைசித் தூணும் தெளிவாக வேண்டும். ஃபுல் ஃபிரேமில் எஃப் 11 வரை மூட வேண்டியிருந்தால், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் எஃப் 5.6 போதும். அந்த இரண்டு ஸ்டாப்பை ஈடுகட்ட ஃபுல் ஃபிரேமின் ஐஎஸ்ஓவை நான்கு மடங்கு ஏற்றுவீர்கள். பெரிய சென்சாரால் கிடைத்த இரண்டு ஸ்டாப் லாபம் அங்கேயே தீர்ந்தது. இரண்டு படங்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், தோளில் தொங்கும் எடை மட்டும் வேறு.

ஆத்தங்குடிப் பட்டறைகளில் கல் செய்வதை எடுக்கும்போதும் இப்படித்தான். கண்ணாடிப் பலகைமேல் சட்டத்தை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றுவார்கள். கையும் தெரிய வேண்டும், கல்லின் பூவும் தெரிய வேண்டும் என்றால் தெளிவின் ஆழம் வேண்டும். சின்ன சென்சார் அதைச் சுலபமாகக் கொடுக்கும். நல்ல வெளிச்சத்தில் போன்கூட அருமையாக எடுக்கும்.

சின்ன சென்சாரில் ரொம்பவும் மூடவும் கூடாது. வெளிச்சம் குறுகிய துளையில் சிதறிப் படம் மழுங்கத் தொடங்கும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் எஃப் 8, ஏபிஎஸ்-சியில் எஃப் 11, ஃபுல் ஃபிரேமில் எஃப் 16 என்று எல்லை வைத்துக்கொள்ளுங்கள்.

அசையாத கட்டடத்துக்கு என் பரிந்துரை முக்காலி. தூண் நகரப் போவதில்லை. ஐஎஸ்ஓ 100-இல் வைத்து ஷட்டரை இரண்டு நொடி திறந்துவிட்டால் எந்த சென்சாரும் சுத்தமான படம் தரும். வாசல் வெயிலையும் தாழ்வார இருட்டையும் ஒரே படத்தில் அடக்க, வெளிச்சம் குறைத்து ஒன்று, நடுத்தரமாக ஒன்று, கூட்டி ஒன்று என்று எடுத்துப் பிறகு சேர்க்கலாம். ரா கோப்பாக (சென்சார் தந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பாக) எடுங்கள். முக்காலி வைப்பதற்கு முன் வீட்டுக்காரரிடமோ வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடமோ கேட்டுவிடுங்கள். கால்களில் ரப்பர் குப்பி கட்டாயம். அந்தத் தரையில் ஒரு கீறல் விழுந்தால் நம்மால் சரிசெய்ய முடியாது. போனிலும் இரவு முறையைப் போட்டுத் தூணோடு சாய்த்துப் பிடித்து எடுங்கள். அது பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்குவதால், அசையாத பொருளுக்கு நன்றாக வேலை செய்யும்.

படி 7: எதை எடுக்கப் போகிறீர்கள் என்பதை வைத்து முடிவெடுங்கள்

பெரிய சென்சார் தன் விலைக்கு முழு நியாயம் செய்யும் இடம் ஒன்று உண்டு: வெளிச்சம் குறைவு, ஆட்கள் அசைகிறார்கள், மறுமுறை கேட்க முடியாது. நகரத்தார் கல்யாணம் அதற்குச் சரியான உதாரணம். பல குடும்பங்களில் கல்யாணம் இன்றும் சொந்த வீட்டு வளவில்தான் நடக்கிறது. திருப்பூட்டும் (தாலி கட்டும்) நேரத்தில் சுற்றிலும் கூட்டம், முக்காலிக்கு இடமில்லை, நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்தால் கைகள் எல்லாம் இழுபடும். கேமராவில் அதிர்வு தாங்கும் வசதி இருந்தாலும் அது உங்கள் கை ஆட்டத்தைத்தான் சரிசெய்யும், மணமக்களின் அசைவை நிறுத்தாது. அங்கே 1/200 நொடியில் ஐஎஸ்ஓ 6400 போக வேண்டியிருக்கும். கல்யாணம் எடுப்பதைத் தொழிலாக வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் ஃபுல் ஃபிரேம் வாங்குங்கள், யோசிக்க வேண்டாம்.

சிராவயல் மஞ்சுவிரட்டை எடுக்க வேண்டுமா? பகல் வெயில். 1/1000 நொடிக்கு வெளிச்சம் தாராளம். ஏபிஎஸ்-சியும் 70-300 லென்ஸும் போதும். சென்சாரைவிட ஃபோகஸ் வேகம் முக்கியம், பாதுகாப்பான இடத்தில் நிற்பது அதைவிட முக்கியம். முகப்புச் சுதைச் சிற்பங்கள், தெருக்கள், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள், ஊர் ஊராகப் போய் வீடுகளை ஆவணப்படுத்துவது என்றால் ஏபிஎஸ்-சி அல்லது மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ். நாள் முழுக்கத் தோளில் சுமக்க முடியும். சுமக்க முடிகிற கேமராவைத்தான் பையிலிருந்து எடுப்பீர்கள். பலகாரம், பாத்திரம் போன்றவற்றை விற்பனைக்காகப் படம் எடுக்கிறவர்களுக்கு ஜன்னல் வெளிச்சமும் போனுமே தொடங்குவதற்குப் போதும்.

படி 8: வாங்குவதற்கு முன் லென்ஸ் கணக்கைப் போடுங்கள்

சென்சார் பெரிதானால் அதை மூடும் லென்ஸும் பெரிதாகும், விலையும் ஏறும். ஃபுல் ஃபிரேம் பாடியை வாங்கிவிட்டு லென்ஸுக்குப் பணமில்லாமல் நிற்பதைவிட, ஏபிஎஸ்-சி பாடியும் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றும் அகலக் கோண லென்ஸ் ஒன்றும் வாங்குவது பல மடங்கு மேல்.

பின்னால் ஃபுல் ஃபிரேமுக்குப் போகும் எண்ணம் இருந்தால் மவுண்ட்டை, அதாவது கேமராவில் லென்ஸ் மாட்டும் வளையத்தின் வகையை, பாருங்கள். சோனி இ, நிக்கான் இசட், கேனான் ஆர்எஃப் ஆகிய மூன்றிலும் ஏபிஎஸ்-சியும் ஃபுல் ஃபிரேமும் ஒரே மவுண்ட். ஏபிஎஸ்-சிக்கென்றே செய்த லென்ஸை அங்கே ஃபுல் ஃபிரேமில் மாட்டினால், கேமரா சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும். 24 மெகாபிக்சல் 10-க்கு இறங்கிவிடும். ஃபியூஜி எக்ஸ் மவுண்ட்டில் ஏபிஎஸ்-சி மட்டும்தான். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் தனி உலகம். இரண்டிலும் நல்ல லென்ஸ்கள் நிறைய இருக்கின்றன, மாறும் எண்ணம் இல்லாவிட்டால் குறையொன்றும் இல்லை.

பழைய கேமரா வாங்குகிறவர்கள் சென்சாரைச் சோதிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். லென்ஸை எஃப் 16-க்கு மூடி, வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள். கணினியில் பெரிதாக்கினால் தூசி இருக்கும் இடமெல்லாம் சாம்பல் வட்டமாகத் தெரியும். இந்தப் பக்கத்துச் செம்மண் புழுதியில் அது சகஜம், ரப்பர் ஊதியால் ஊதினால் பெரும்பாலும் போய்விடும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறித்தால் கறை படியும். ஊதியும் போகாமல் கோடாகத் தெரிந்தால் அது கீறலாக இருக்கலாம். அந்தக் கேமரா வேண்டாம். வாங்கிய பிறகு லென்ஸை மாற்றும்போது கேமராவை அணைத்து, லென்ஸ் மாட்டும் வாயைத் தரைப்பக்கம் கவிழ்த்துப் பிடித்து மாற்றுங்கள். காற்றடிக்கும் தெருவில் மாற்றாமல், திண்ணைக்கு ஏறிவந்து மாற்றுங்கள்.